ஆள்காட்டியின் கூடு

பறவைகளுக்கும் பேச்சு இருந்த அந்தக் காலத்தில், ஆள்காட்டிக் குருவியும் மரத்தில்தான் கூடு கட்டி வாழ்ந்தது. ஏரிக்கரைக் கருவேல மரத்தில் அப்படி ஒரு கூடு இருந்தது. கிழ ஆள்காட்டி ஒன்று முள்ளும் குச்சியும் சுமந்து, வருஷக்கணக்காகப் பின்னிய கூடு. பாம்பு ஏறாது, காற்றுக்கு அசையாது.

கிழவனை ஒரு நாள் வல்லூறு அடித்துக்கொண்டு போய்விட்டது. சிறகொடிந்த கிழவி மட்டும் கூட்டில் கிடந்தாள். மகன் மூக்கன் அவளோடு இருந்தான்.

கட்டிக்கொடுத்துப் போன மகள் செவத்தி, புருஷனை வேடனிடம் பறிகொடுத்துவிட்டு வயிற்றில் முட்டைகளோடு வந்து சேர்ந்தாள்.

"அண்ணே, ஒரு ஓரம் கொடு. குஞ்சு பொரித்ததும் போய்விடுகிறேன்."

"இன்றைக்கு ஓரம் கேட்பாய், நாளைக்கு உன் பிள்ளைகள் பாதி கேட்கும். அப்பனுக்கு வாரிசு நான்தான். பெண்ணுக்கு ஏது பாகம்?"

"அப்பாவோடு போய் முள் பொறுக்கியவள் நான். நீ அப்போது ஏரிக்கரையில் பூச்சி தின்றுகொண்டிருந்தாய்!"

கிழவி தலையைத் தூக்கினாள். "அடப் பாவிகளா, நான் செத்தபிறகுதானே இது சொத்து? இப்போது இது நான் படுத்திருக்கிற வீடு."

அதைக் கேட்க அங்கே யாருக்குக் காது இருந்தது? மூக்கன் தங்கையைக் கொத்தினான். அவளும் திருப்பிக் கொத்தினாள்.

"நான் கொண்டுவந்ததை நான் எடுத்துக்கொள்கிறேன்!" என்று செவத்தி அடிக்குச்சியை அலகால் கவ்வி இழுத்தாள். மூக்கன் மறுமுனையைப் பிடித்து இழுத்தான். குச்சி உருவிக்கொண்டு வந்தது. கூடு ஒருபக்கமாகச் சாய்ந்து, பிரிந்து, கிழவியோடு கீழே போனது.

சண்டைச் சத்தத்தில் நரி வந்து மரத்தடியில் நின்றதை இருவருமே பார்க்கவில்லை.

"செவத்தி!" என்று கீழிருந்து கிழவியின் ஒரே ஒரு குரல்தான் கேட்டது.

அவள் இறங்கியபோது நரி புதருக்குள் மறைந்துவிட்டது. முள்ளில் வெள்ளை இறகு சிக்கி ஆடியது. மூக்கன் ஏரியைத் தாண்டிப் பறந்து போனான். திரும்பி வரவேயில்லை.

செவத்திக்கு முட்டையிடும் நேரம் நெருங்கியது. பக்கத்து மரத்துக் கொக்கு இரக்கப்பட்டு ஒரு குச்சியைக் கொண்டுவந்து போட்டது. அவள் அதை மிதித்துத் தள்ளினாள்.

"வேண்டாம். என் பிள்ளைகளுக்கு நான் ஒரு துரும்பைக்கூட விட்டுப்போக மாட்டேன்."

கரையை விட்டு வெகுதூரம் நடந்தாள். பொட்டல் வெளியில், சூடேறிய சரளைக்கல் நடுவே முட்டையிட்டு, வெயிலில் நின்று காத்தாள். தூரத்தில் ஒரு நிழல் அசைந்தாலும், அம்மாவுக்குக் கொடுக்கத் தவறிய எச்சரிக்கையைத் தொண்டை கிழியக் கத்தினாள்.

அன்று முதல்தான் ஆள்காட்டிக் குருவி வெறுந்தரையில் முட்டையிட்டு, ஆளைக் கண்டதும் அலறுகிறது. அதன் குஞ்சுகளும் பொரித்த அன்றே எழுந்து, வெறுங்காலோடு நடந்து போய்விடுகின்றன.