கிளி கொண்டுபோன பாடமும் உடும்பின் ஆராய்ச்சியும்

மருதங்காட்டில் ஒரு வணிகப் பள்ளி இருந்தது. சந்தையில் கடை போட நினைக்கும் விலங்கு எதுவானாலும் முதலில் அங்கே படித்துத் தேற வேண்டும். நல்ல சரக்கை எப்படிப் பொறுக்குவது, பேரம் எப்படிப் பேசுவது, ஒருமுறை வந்தவர் மறுமுறையும் வரும்படி எப்படி நடந்துகொள்வது, எல்லாமே அங்கே பாடம். சித்திரன் என்ற மயில்தான் வாத்தியார். தோகையை விரித்து ஆடிக்கொண்டேதான் அது பாடம் நடத்தும்.

காட்டின் நடுவே ஓர் ஆறு ஓடியது. பள்ளியும் சந்தையும் இக்கரையில் இருந்தன. ஒரு வருடம் பெருவெள்ளம் வந்து, பாலமாகக் கிடந்த பெரிய மரத்தை அடித்துக்கொண்டு போய்விட்டது. அக்கரை விலங்குகளால் பள்ளிக்கு வர முடியவில்லை.

அப்போது பவளி என்ற கிளி ஒரு வழி சொன்னது. மயில் நடத்தும் பாடத்தை ஒரு கிளி கேட்டு அடுத்த மரத்துக் கிளிக்குச் சொல்லும். அது அதற்கடுத்த மரத்துக்குச் சொல்லும். இப்படியே பாடம் ஆற்றைத் தாண்டி, அக்கரையில் ஒவ்வொரு வளையின் வாசலுக்கும் போய்ச் சேர்ந்தது.

“என் முகத்தைப் பார்க்காமல் ஒரு படிப்பா? கேலிக்கூத்து!” என்று சிலிர்த்தது மயில்.

“வாசலுக்கே பாடம் வரும்போது பள்ளிக்கூடம் எதற்கு? இழுத்து மூடுங்கள்!” என்று கத்தியது கிளி.

சண்டை காட்டின் தலைவியான யானையிடம் போனது. யானை இருவரையும் பார்த்துக் காதை ஆட்டியது.

“கத்தினால் உண்மை தெரிந்துவிடுமா? ஆராய்ந்து பார்ப்போம். வேம்பியைக் கூப்பிடுங்கள்!”

வேம்பி ஓர் உடும்பு. ஒரு கேள்வியைப் பிடித்தால் விடை கிடைக்கும்வரை விடாது. யானை அதனிடம் சொன்னது: “கிளிப்பாடத்தில் படிப்பு ஏறுகிறதா என்று பார். ஏறவில்லை என்றால் மழைக்கு முன்பே நிறுத்திவிடுவேன்.”

வேம்பி அன்றே ஆற்றை நீந்திக் கடந்தது. அக்கரையில் அது முதலில் பார்த்தது கருக்கி என்ற முள்ளம்பன்றியை. கருக்கி மண்ணைக் கிளறி வள்ளிக்கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தது. அதன் குட்டிகள் வளைக்குள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி விளையாடின. மேலே கிளையில் ஒரு கிளி பாடம் சொல்லிக்கொண்டிருந்தது.

“இந்தப் படிப்பு உனக்கு எதற்கு கருக்கி?” என்று கேட்டது வேம்பி.

“எதற்கா? நரியிடமிருந்து தப்பிக்கத்தான் அக்கா! சந்தையில் எனக்கு இடம் இல்லை. நான் தோண்டுவதை எல்லாம் நரிதான் தன் தெப்பத்தில் வந்து அள்ளிக்கொண்டு போகிறான். பதிலுக்கு நாலு சொத்தை நெல்லிக்காய். என் குட்டிகள் பாதி வயிற்றோடு தூங்குகின்றன. படித்துத் தேறினால் நானே கடை போடுவேன். கிளிப்பாடத்தை நிறுத்திவிட்டால் ஆயுள் முழுக்க அவன் காலடிதான்!”

யானை கேட்ட கேள்வி இப்போது வேம்பிக்குப் பாரமாகிவிட்டது.

முதல் சோதனையாக, இரு கரை மாணவர்களையும் அது பாடம் ஒப்பிக்கச் சொன்னது. அக்கரைக்காரர்கள் ஒரு சொல் பிசகாமல் ஒப்பித்தார்கள். இக்கரைக்காரர்கள் திருதிருவென்று விழித்தார்கள்.

“பாடம் ஞாபகம் இல்லை அக்கா. வாத்தியார் எந்தக் காலைத் தூக்கி ஆடினார் என்று கேளுங்கள், டக்கென்று சொல்கிறேன்!” என்றது ஓர் அணில்.

கிளிகள் வானத்தில் கூச்சலிட்டுப் பறந்தன. “ஜெயித்துவிட்டோம்! ஜெயித்துவிட்டோம்!”

வேம்பிக்கு மட்டும் திருப்தி இல்லை. ‘ஒப்பிப்பதற்காகவா இவர்கள் படிக்கிறார்கள்? விற்பதற்கல்லவா!’ என்று நினைத்தது. எல்லாரையும் சந்தையில் சரக்கோடு உட்கார வைத்தது. அன்று ஒருநாள் மட்டும் யானை அக்கரைக்காரர்களை முதுகில் ஏற்றி ஆற்றைக் கடக்கவைத்தது.

கருக்கியின் முன்னால் ஒரு கரடி வந்து நின்றது.

“இந்தக் கிழங்கு கசக்குமா அம்மா?”

கருக்கி வானத்தைப் பார்த்தபடி மூச்சு விடாமல் சொன்னது: “வாடிக்கையாளரின் கண்ணைப் பார்த்துப் பேசு! அவர் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்!”

“நான் கிழங்கைப் பற்றியல்லவா கேட்டேன்!”

“கேட்ட உடனே விலையைக் குறைக்காதே! சிரித்த முகத்தோடு இரு!”

சந்தையே விழுந்து விழுந்து சிரித்தது. கரடி தலையைச் சொறிந்துகொண்டு பக்கத்து அணிலிடம் போனது. அணில் ஒரு கொட்டையை உடைத்து நீட்டியது. “சும்மா தின்று பாருங்கள் மாமா, பிடித்தால் பேசுவோம்!” பொழுது சாய்வதற்குள் இக்கரை மாணவர்களின் சரக்கு அநேகமாகத் தீர்ந்துவிட்டது. அக்கரைச் சரக்கு அப்படியே கிடந்தது.

மயில் ஒரு சுற்று ஆடியே விட்டது. பவளி இறக்கைக்குள் தலையை நுழைத்துக்கொண்டது. நரி மெல்ல வந்து கருக்கியின் கிழங்கைப் புரட்டிப் பார்த்தது.

“பாவம், இத்தனையும் வீணாகிவிடுமே! கவலைப்படாதே, நானே எடுத்துக்கொள்கிறேன்.”

யானை தும்பிக்கையைத் தூக்கியது. “சரி, தெரிந்துவிட்டது. நாளை முதல் கிளிப்பாடம்…”

“பொறுங்கள் தாயே!” என்று முன்னால் வந்தது வேம்பி. “ஒன்று எனக்குப் புரியவில்லை. பாடமே ஞாபகம் இல்லாத இக்கரைப் பிள்ளைகள் எப்படி விற்றார்கள்?”

“என் ஆட்டத்தின் மகிமை!” என்றது மயில்.

“சோதனை வைத்ததும் நீ, பார்த்ததும் நீ,” என்று இளித்தது நரி. “இப்போது விடை பிடிக்கவில்லை என்றதும் இழுக்கிறாயா?”

“பிடிக்காததால் இல்லை. விளங்காததால். விளங்காமல் நான் எதையும் முடிவென்று சொல்லமாட்டேன்.”

யானை சற்று யோசித்தது. “முதல் மழை விழும்வரை நேரம் தருகிறேன். அதற்குமேல் ஒரு நாழிகைகூடக் கிடையாது!”

மறுநாள் வேம்பி ஒரு பாறையோடு பாறையாக ஒட்டிக்கொண்டு வகுப்பைக் கவனித்தது. மயில் ஆடியது. மாணவர்கள் வாயைப் பிளந்து பார்த்தார்கள். அங்கே யாரும் எதையும் விற்கக் கற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை. வகுப்பு விட்டதும் வேம்பி அவர்களின் பின்னாலேயே போனது.

வீட்டுக்குப் போகும் வழி சந்தையின் ஊடே போயிற்று. அணில் ஒவ்வொரு கடையிலும் நின்றது. ஒரு கடையில் பேரம் பேசி வசவு வாங்கியது. அடுத்த கடையில் அதையே கொஞ்சம் மாற்றிப் பேசியது. ஒரு கிழட்டுக் குரங்குக்குப் பழம் விற்க உதவி செய்து, “அவசரப்படாதே, மூக்கை நுழைக்காதே!” என்று குட்டும் வாங்கியது. எல்லா மாணவர்களும் இப்படியே இருட்டும்வரை அங்கே சுற்றிக்கொண்டிருந்தார்கள், ஒரு முயலைத் தவிர. முயலின் வளை பள்ளிக்குப் பின்புறமே இருந்தது. வகுப்பு விட்டதும் அது நேரே வீட்டுக்குப் போய்விடும்.

வேம்பி முயலைத் தேடிப் போனது. “அன்று உன் கீரை விற்றதா தம்பி?”

“எங்கே அக்கா! ஒருவரும் வாங்கவில்லை. எல்லாரும் கருக்கியைப் பார்த்துச் சிரித்ததால் என்னை யாரும் கவனிக்கவில்லை. நானே உட்கார்ந்து தின்றுவிட்டு வந்துவிட்டேன்!”

வேம்பியின் வால் சுழன்றது. மயிலிடம் நேரில் படித்த முயலும் விற்கவில்லை! அப்படியானால் அணிலைத் தேற்றியது மயில் இல்லை, வீட்டுக்குப் போகும் வழி. ஆனால் ஒரே ஒரு முயலை வைத்து இதை நம்பலாமா? கூடாது. செய்து பார்த்தாக வேண்டும்.

யானையிடம் அது இரண்டு வரம் கேட்டது. அக்கரை மாணவர்களை வாரத்தில் ஒரு நாள் சந்தைக்கு அழைத்துவர வேண்டும். அன்று மயிலும் கிளியும் சந்தையிலேயே நின்று அவர்களின் தவறுகளைத் திருத்த வேண்டும்.

“ஆடாமலா?” என்றது மயில்.

“ஆடாமல்தான்!” என்றது யானை.

முதல் வாரம் கருக்கி வரவில்லை. வேம்பி அக்கரைக்குப் போனது. நரி முன்பே அங்கு வந்து போயிருந்தது.

“என்னை வைத்து மறுபடியும் சிரிக்கத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நரி சொன்னான்,” என்றது கருக்கி. அதன் முட்கள் தொங்கிக் கிடந்தன. “எனக்கு வேண்டாம் அக்கா. பட்ட அவமானம் போதும்.”

“சிரிப்பார்கள்தான்,” என்றது வேம்பி. “முதல் நாள் சிரிப்பார்கள். நீ தவறு செய்வாய். வாத்தியார் கத்துவார். மறுபடி செய்வாய். அணிலும் அப்படித்தான் கற்றது. நீ கிளம்பும்வரை நான் இந்த வாசலை விட்டு நகரமாட்டேன்.” சொன்னபடியே வாசலில் நீட்டிப் படுத்துக்கொண்டது.

பக்கத்து வளை எறும்புதின்னி எட்டிப் பார்த்தது. “தினமும் என்றால் என்னால் ஆகாது. வாரம் ஒரு நாள்தானே? குட்டிகளை நான் பார்த்துக்கொள்கிறேன், போய் வா தாயே!”

கருக்கி குட்டிகளைப் பார்த்தது. கிழங்கு மூட்டையைப் பார்த்தது. முட்கள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன. “விலகுங்கள் அக்கா. வழியை மறித்துக்கொண்டு படுத்திருக்கிறீர்களே!”

முதல் நாள் சந்தை சிரித்தது. அடுத்த வாரம் பாதிப்பேர் சிரித்தார்கள். கருக்கி வீட்டில் கிளியிடம் பாடம் கேட்டது, சந்தையில் அதைச் செய்து பார்த்தது, தவறியது, திரும்பிப் போய் அதே பாடத்தை மறுபடி சொல்லச் சொல்லிக் கேட்டது. முயலும் இப்போது சந்தை வழியாகவே வீட்டுக்குப் போனது. மயிலுக்கு முதலில் கால் பரபரத்தது. பிறகு, ‘இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்களா!’ என்று வியந்து, ஆட்டத்தை மறந்து திருத்த ஆரம்பித்தது.

மேகம் திரண்ட ஒரு காலையில் கடைசிச் சோதனை நடந்தது. அதே கரடி கருக்கியிடம் வந்தது.

“கிழங்கு கசக்குமா?”

கருக்கி ஒன்றை உடைத்து அதன் கையில் வைத்தது. “நீங்களே சொல்லுங்கள் அண்ணா!”

கரடி சப்புக்கொட்டியது. “இந்தக் குவியலுக்கு ஒரு தேனடை தருகிறேன்.”

“இரண்டு தாருங்கள். சப்புக்கொட்டிய சத்தம் அந்தக் கோடிவரை கேட்டதே!”

அப்போது நரி இடையில் பாய்ந்தது. “நான் ஒரு தேனடைக்கே இதைவிடப் பெரிய குவியல் தருகிறேன்!”

கரடி தயங்கியது. கிளிகள் சொன்ன எந்தப் பாடத்திலும் இதற்குப் பதில் இல்லை.

கருக்கி பதறவில்லை. “தாராளமாக வாங்குங்கள் அண்ணா. அதுவும் நான் தோண்டியதுதான், ஆனால் போன மாதம் தோண்டியது. வாங்குமுன் ஒன்றை மட்டும் உடைத்துக் காட்டச் சொல்லுங்கள்.”

நரி உடைக்கவில்லை. மூட்டையைத் தூக்கிக்கொண்டு நழுவியது. கரடி இரண்டு தேனடைகளை எடுத்து வைத்தது.

முயலின் கீரையும் அன்று ஒரு கட்டு மிச்சமில்லாமல் விற்றது. மயிலும் கிளியும் வேம்பியிடம் ஓடிவந்தன. “சொல்! நேரில் படித்தது ஜெயித்ததா? கிளிப்பாடம் ஜெயித்ததா?”

“அந்தக் கேள்வியைக் கேட்டுத்தான் நானும் முதலில் ஏமாந்தேன்,” என்றது வேம்பி. “செய்து பார்த்தவர்கள் இரு கரையிலும் தேறினார்கள். செய்து பார்க்காதவர்கள் இரு கரையிலும் தவறினார்கள்.”

யானை தும்பிக்கையை உயர்த்தித் தீர்ப்புச் சொன்னது. கிளிப்பாடம் தொடரும். வாரம் ஒரு நாள் அக்கரை மாணவர்கள் சந்தைக்கு வருவார்கள். கருக்கிக்கு அன்றே சந்தையில் கடை போட இடம் கிடைத்தது. முதல் மழைத்துளிகள் விழுந்தபோது அது தேனடைகளோடு யானை முதுகில் ஆற்றைக் கடந்துகொண்டிருந்தது. அன்று அதன் குட்டிகள் வயிறார உண்டு தூங்கின.

பாடம் எந்த வழியில் வந்து சேர்ந்தாலும், அதைக் கையால் செய்து, தவறி, திருத்திக்கொள்ள இடம் கிடைத்தால்தான் படிப்பு பலிக்கும்.