பாதிக் கதையோடு போன செம்பா

அந்தக் காலத்தில், ஓநாயும் குருவியும் நம்மைப் போலவே வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்தபோது, பூவாத்தா என்றொருத்தி வாசலில் கம்பு இடித்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் தெளித்துப் பிசறிய கம்பு. உலக்கையைத் தூக்கிவிட்டால் உரலை விட்டுக் கண்ணை எடுக்க முடியாது. எடுத்தால் பாதி மண்ணுக்குப் போய்விடும்.

அவள் முதுகுக்குப் பின்னால், ஒரு சாக்கின் மேல், மகள் செம்பா உட்கார்ந்திருந்தாள். ஐந்து வயது. கால் ஓர் இடத்தில் தரிக்காது. வீட்டை ஒட்டினாற்போலச் சோளக்காடு. உள்ளே யானை போனாலும் தெரியாது, அத்தனை உயரம். பிள்ளையைக் கட்டி வைக்கப் பூவாத்தாவிடம் இருந்த ஒரே கயிறு கதைதான்.

அப்போதெல்லாம் கதை கேட்கிற பிள்ளை வாயே திறக்கக் கூடாது. மூச்சுக் காட்டாமல் கேட்பதுதான் மரியாதை.

"ஒரு ஆட்டுக்குட்டி இருந்துச்சாம்." ஓர் இடி. "அதுகிட்ட ஓநாய் வந்து, 'வா அம்மிணி, காட்டுக்குள்ளே பால் பிடிச்ச கதிர் கிடக்குது, காட்டறேன்'னு கூப்பிட்டுச்சாம். குட்டியும் போச்சாம். கதிர் என்ன ருசிங்கறே! கரும்பாட்டம் இனிச்சுதாம்."

இன்னோர் இடி. அப்புறம் இன்னொன்று. கதை போய்க்கொண்டே இருந்தது. பின்னால் சத்தமே இல்லை. இன்னைக்கு என்ன இப்படி அடங்கி உட்கார்ந்திருக்குது என்று பூவாத்தாவுக்குப் பெருமைகூட வந்தது.

சிந்தியதைப் பொறுக்கிக்கொண்டிருந்த தவிட்டுக்குருவி தலையைச் சாய்த்தது. "ஏ பூவாத்தா, யாருக்குச் சொல்றே கதை? உலக்கைக்கா?"

திரும்பிப் பார்த்தாள். சாக்குதான் கிடந்தது.

"எங்கே என் பிள்ளை?"

"ஓநாய் வந்து கூட்டிட்டுப் போச்சு. வேலிக்கு அந்தப் பக்கம் நின்னு உன் கதையைக் கேட்டிருக்கும் போல. அதே பேச்சு, ஒரு வார்த்தை மாறலை. உன் மகளும், 'இந்தக் கதை எனக்குத் தெரியுமே'ன்னு சிரிச்சுக்கிட்டே போனா."

"பார்த்துட்டுச் சும்மாவா இருந்தே?"

"வாயில தவிடு இருந்துச்சு," என்றது குருவி.

பூவாத்தா உலக்கையோடு ஓடினாள். "செம்பா! ஏ செம்பா!" எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே மாதிரித் தட்டை, ஒரே மாதிரித் தோகை. பதில் இல்லை. அம்மா பெயர் சொல்லிக் கூப்பிட்டால் ஏதோ வேலைக்குத்தான் என்பது செம்பாவுக்குத் தெரியும்; கேட்டாலும் பதில் கொடுக்க மாட்டாள். பூவாத்தா நின்று யோசித்தாள். பிள்ளை எதுவரைக்கும் கேட்டது? கரும்பாட்டம் இனித்தது வரைக்கும்தான். மீதி முழுவதும் உரலுக்குள் போயிற்று.

பெயருக்கு வராத பிள்ளை எதற்கு வரும் என்று அப்போதுதான் அவளுக்குப் பட்டது. முழுக் குரலெடுத்துச் சொன்னாள்:

"கதிர் தின்ன குட்டிகிட்ட அந்த ஓநாய் அப்புறம் என்ன சொல்லுச்சு தெரியுமா?"

காடு அசையவில்லை. பிறகு வலது பக்கம், வெகு தூரத்தில், சின்னதாக ஒரு சத்தம்.

"உம்?"

கதைக்கு நடுவே அதுவரைக்கும் யாரும் போடாத சத்தம். பூவாத்தா அதைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

"'வயிறு நிறைஞ்சுதா அம்மிணி, வெயிலா இருக்குது பாரு, என் வளைக்குள்ளே தலையை விடு, குளுகுளுன்னு இருக்கும்'னுச்சாம்."

"உம்." இப்போது கொஞ்சம் கிட்டத்தில்.

"குட்டி எட்டிப் பார்த்துச்சாம். உள்ளே என்ன கிடந்துச்சு தெரியுமா?"

"உம்?"

"முன்னாடி வந்த குட்டியோட கழுத்து மணி. மணி மட்டும்தான் கிடந்துச்சாம். குட்டியைக் காணோம்."

இந்தத் தடவை உம் வரவில்லை. பூவாத்தா தோகையை உலக்கையால் தள்ளிக்கொண்டு பாய்ந்தாள்.

வளை வாசலில் ஓநாய் குழைந்துகொண்டு நின்றது. "தலையை விடு அம்மிணி, குளுகுளுன்னு இருக்கும்." இரண்டடி தள்ளி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு செம்பா.

"நான் மாட்டேன் போ மாமா. உள்ளே மணி கிடக்கும்."

"அட, இவ அம்மா கதையை முடிச்சுத் தொலைச்சுட்டாளே!" என்ற ஓநாய், உலக்கையைப் பார்த்ததும் வாலைச் சுருட்டிக்கொண்டு ஓடியது.

பூவாத்தா மகளை வாரி இடுப்பில் வைத்துக்கொண்டாள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. பிள்ளையின் உதட்டில் ஒட்டியிருந்த சோளப்பாலை முந்தானையால் துடைத்தாள்.

"எதுக்கடி போனே?"

"கதையில குட்டி போச்சே! கதிர் தின்னுச்சே!"

"அது பாதி, சாமி. பாதியைக் கேட்டா போகச் சொல்ற மாதிரிதான் இருக்கும். முழுசாக் கேட்டாத்தான் போகாதேன்னு சொல்றது தெரியும். இனிமே நான் சொல்லச் சொல்ல நீ உம் கொட்டணும். உம் வந்தாத்தான் கதை."

வீட்டுக்கு வந்தபோது உரலில் இருந்த கம்பைப் பாதிக்குமேல் குருவி தின்றிருந்தது. அன்றைக்கு மட்டும் பூவாத்தா அதை விரட்டவில்லை.

அன்று முதல்தான் கதை கேட்கிற பிள்ளைகள் உம் கொட்டுகிறார்கள். உம் நின்றால் சொல்கிறவளும் நிறுத்தித் திரும்பிப் பார்க்கிறாள். நடுவில் யாராவது, "ஏ புள்ளே, பால் பொங்குது பாரு!" என்று கூப்பிட்டு, அவள் சொல்லைப் பாதியில் விட்டு எழுந்து ஓடினாலும், பிள்ளை முந்தானையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வந்து, "உம்... உம்... அப்புறம் அந்தக் குட்டி என்ன ஆச்சு?" என்று கேட்கிறது.