பழைய விளையாட்டுப் பெட்டியும் வைஃபை பூட்டும்

அல்லிக்குளத்துக் கரையில் ஒரு முயல் குடும்பம் வளை தோண்டி வாழ்ந்தது. அப்பா மொச்சை, அம்மா அவரை, மகன் துவரை. தொட்டிலில் இன்னும் கண் திறக்காத குட்டிகள். வளை முழுக்க வைஃபை உண்டு. அவரை மேயப் போனாலும், தொட்டிலுக்கு மேலே இருந்த கேமராவைப் போனில் பார்த்துக்கொண்டேதான் புல்லைக் கடிப்பாள்.

ஒருநாள் அக்கரை ஆமை மாமா, வீடியோ கேம் ஆடும் தன் பழைய விளையாட்டுப் பெட்டியைத் துவரைக்குக் கொடுத்தார்.

"எனக்குப் புதுசு வாங்கிட்டேன்டா. நீ இங்கேயிருந்து ஆடு, நான் அங்கேயிருந்து ஆடுறேன்!"

ஆனால் பெட்டி வைஃபையோடு சேரவே இல்லை. மொச்சை அதைப் புரட்டிப் பார்த்தார்.

"இது அந்தக் காலத்துப் பெட்டி. நம்ம வைஃபைக்குப் போட்டிருக்கிற புதுப் பூட்டு இதுக்குத் தெரியாது. பழைய பூட்டுதான் தெரியும்!"

"அப்போ பழசுக்கே மாத்துங்கப்பா!"

"வேண்டாங்க! பழைய பூட்டை யார் வேணும்னாலும் உடைச்சிடலாம்," என்றாள் அவரை.

துவரை மூக்கைச் சுருக்கி அழுதான். அழுத பிள்ளைதானே பால் குடிக்கும்! அவரை மேயப் போனதும், மொச்சை ரவுட்டர் செட்டிங்கைத் திறந்து வீடு முழுவதற்கும் பழைய பூட்டைப் போட்டுவிட்டார்.

"இந்தக் காட்டுல யாருக்கு இதெல்லாம் தெரியப்போகுது?"

புதருக்குள் படுத்திருந்த காட்டுப்பூனைக்குத் தெரிந்தது! பூட்டை உடைத்து, தன் போனில் தொட்டிலைப் பார்த்துச் சப்புக்கொட்டியது.

மறுநாள் அவரை வெளியே போயிருந்தாள். மொச்சை குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். தொட்டிலருகே துவரை ஆமை மாமாவை ஜெயிக்கும் தறுவாயில் இருந்தான். மேலே 'சர்ர்' என்று கேமரா திரும்பியது. தொட்டிலை விட்டு அப்பாவைப் பார்த்தது.

துவரை போன் செய்தான். "அம்மா, கேமராவை நீயா திருப்புற?"

"நான் தொடவே இல்லையேடா!"

துவரையின் காதுகள் விறைத்தன. ஆட்டத்தை அப்படியே போட்டுவிட்டு, பாய்ந்து போய் ரவுட்டரின் ஒயரைப் பல்லால் பிடுங்கினான்.

"அப்பா! யாரோ நம்ம வீட்டைப் பார்க்கிறாங்க!"

மொச்சை அலறி எழுந்து வாசலுக்குக் கல்லை உருட்டினார். மறுகணமே வெளியே நகம் பிறாண்டும் சத்தம் கேட்டது. கல் அசையவில்லை. காட்டுப்பூனை, திருடனுக்குத் தேள் கொட்டினாற்போல் வாயை மூடிக்கொண்டு நழுவியது.

பின்வாசல் வழியாக ஓடிவந்த அம்மா அவரை, குட்டிகளையும் துவரையையும் சேர்த்து அணைத்துக்கொண்டாள். மொச்சையின் காதுகள் தொங்கிவிட்டன.

"பழைய பூட்டைப் போட்டது நான்தான். பிள்ளை அழுததும் மனசு கேக்கலம்மா..."

"பாசம் வெச்சது தப்பில்லைங்க. அதுக்காக வீட்டுப் பூட்டையா மாத்துறது?"

வீட்டுக்கு மறுபடி புதுப் பூட்டும் புது பாஸ்வேர்டும் வந்தன. பழைய பெட்டிக்கு மட்டும், பழைய பூட்டோடு, ஆனால் தொட்டில் பக்கமே எட்டிப்பார்க்க முடியாத விருந்தாளி வைஃபை ஒன்றை அம்மா அவரை தனியாக அமைத்தாள். ஆட்டம் முடிந்ததும் அதை அணைப்பது துவரையின் வேலை.

அன்று மாலையே ஆமை மாமா தோற்றார். "கொஞ்சம் மெதுவா ஆடுடா!" என்று அக்கரையிலிருந்து கத்தினார்.

செல்லப்பிள்ளைக்காகத் தனிக் கதவு வைக்கலாம். வீட்டுப் பூட்டைத் தளர்த்தக் கூடாது.