கரடி வாங்கிய நூற்றிருபது ஃபிரேம் பெட்டி

ஓடைக்கு இந்தப் பக்கம் ஒரு குகை. அதில் சடையன் என்ற கரடி இருந்தது. ஓடைக்கு அந்தப் பக்கம் ஒரு வளை. அதில் ஊசிமுத்து என்ற முள்ளம்பன்றி இருந்தது. இரண்டும் சிநேகிதர்கள்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் ஓடை பெருகிவிடும். தை வரைக்கும் யாரும் அதைத் தாண்ட முடியாது. அதனால் ஓடை பெருகுவதற்கு முன்பே ஊசிமுத்து கரடியின் குகைக்கு வந்துவிடும். மழை விடும் வரை இரண்டும் அங்கேயே உட்கார்ந்து வீடியோ கேம் ஆடும்.

கரடியின் கேம் பெட்டி பழையது. அதில் ஆடுகிற ஆட்டம் ஒன்றே ஒன்றுதான். ஓணான் பந்தயம். இரண்டு ஓணான்கள் பனைமரம் ஏறும். மேலிருந்து நுங்கு விழும். அடிபடாமல் உச்சிக்குப் போகிற ஓணான் ஜெயிக்கும். தோற்றவர் மழையில் போய்க் கிழங்கு தோண்டிவர வேண்டும்.

எப்போதும் கரடிதான் போகும்.

போன மழைக்காலத்தில் ஒருநாள் ஊசிமுத்து விழுந்து விழுந்து சிரித்தது.

"சடையா! உன் ஓணான் மரம் ஏறுதா, இல்லே மரத்தைக் கட்டிப்பிடிச்சுத் தூங்குதா?"

குகையில் ஒதுங்கியிருந்த இரண்டு முயல்களும் சேர்ந்து சிரித்தன.

அடுத்தவர் முன்னால் நம்மைப் பார்த்துச் சிரித்தவர்களை மறப்பது அவ்வளவு சுலபமா? சடையன் மறக்கவில்லை. வெயில்காலம் முழுவதும் அதை நெஞ்சிலேயே வைத்துக்கொண்டு திரிந்தது.

"தப்பு என் மேலே இல்லே. பெட்டி பழசு! அதனாலதான் தோக்கிறேன்!" என்று முடிவு கட்டியது. ஊசிமுத்தும் அதே பெட்டியில் ஆடித்தான் ஜெயித்தது என்பது அதற்குத் தோன்றவே இல்லை.

புளியமரத்தடியில் நரி கடை வைத்திருந்தது. கரடி பழைய பெட்டியைத் தூக்கிக்கொண்டு அங்கே போனது.

"இதை எடுத்துக்கிட்டு நல்ல பெட்டியாக் கொடு!"

"வாங்கண்ணே! உங்களுக்குன்னே ஒண்ணு வந்திருக்கு. பதினாறு ஜிபி ராம்! நொடிக்கு நூத்திருபது ஃபிரேம், அதாவது நூத்திருபது படம்!" என்றது நரி.

"நூத்திருபதுன்னா என்ன?"

"அறுபதைப் போல ரெண்டு மடங்கு!"

"அறுபதுன்னா?"

"நூத்திருபதுல பாதி!"

கரடிக்கு எல்லாம் புரிந்துவிட்டது. "இதைவிடப் பெரிய எண் யார்கிட்டயாவது இருக்கா?"

"இந்தக் காட்டிலேயே கிடையாதுண்ணே!"

"கட்டு!" என்றது கரடி. வேறு ஒன்றும் கேட்கவில்லை. பழைய பெட்டியோடு ஒரு பெரிய தேனடையையும் நரியிடம் கொடுத்துவிட்டு, புதுப் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு நடந்தது.

மழை தொடங்கிய அன்று ஊசிமுத்து வந்து சேர்ந்தது. உடம்பை உதறிக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்தது.

"பந்தயத்தைப் போடு, சடையா!"

"இதிலே பந்தயம் ஓடாது. காட்டு ராஜான்னு ஒரு ஆட்டம். சிங்கமா மாறி ஊரைச் சுத்தலாம்."

"சரி, என் கண்ட்ரோலர் எங்கே?"

கரடி தலையைச் சொறிந்தது. "இதிலே இருக்கிற ஆட்டமெல்லாம் ஒருத்தர் ஆடுறதுதான்."

"அப்போ நான்?"

"நீ பாரு! படம் எப்படி இருக்கு பாரு! ஒவ்வொரு இலையும் தனித்தனியாத் தெரியும்!"

"உனக்குத் தெரியுதா?"

கரடி கண்ணை இடுக்கிப் பார்த்தது. பச்சையாக ஏதோ அசைந்தது. கரடிகளுக்குப் பிறவியிலேயே பார்வை மந்தம். மூக்குதான் அவற்றுக்கு எல்லாம். சடையன் டிவியை மோந்தும் பார்த்தது. ஒரு வாசனையும் வரவில்லை.

"தெரியுது, தெரியுது" என்றது.

ஊசிமுத்து பொழுது சாயும் வரை காத்திருந்தது. "இரு, இன்னும் கொஞ்சம்" என்று கரடி சொல்லிக்கொண்டே இருந்தது. கடைசியில் முள்ளம்பன்றியின் முட்கள் எல்லாம் விறைத்து நின்றன.

"நீ ஆடுறதுக்குக் கைதட்டவா ஓடை தாண்டி வந்தேன்? நான் என் வளைக்கே போறேன்!"

"போயேன்! தோக்கப் பயந்து ஓடுறே!" என்று கத்தியது கரடி.

ஊசிமுத்து திரும்பிப் பார்க்காமல் போய்விட்டது.

மறுநாள் சடையன் தனியாக ஆடியது. மான் கூட்டத்தையே விரட்டிப் பிடித்தது. "ஜெயிச்சுட்டேன்!" என்று எழுந்து குதித்தது. "ஜெயிச்சுட்டேன்!" என்று குகையும் திருப்பிச் சொன்னது. அதைத் தவிர வேறு யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

கரடி வெளியே வந்து பார்த்தது. மலைப்பக்கம் வானம் கன்னங்கரேலென்று இருட்டியிருந்தது. ஓடையில் தண்ணீர் முழங்கால் வரை வந்துவிட்டது. இன்றைக்கு விட்டால் தை வரைக்கும் இந்தக் குகையும் அந்தச் சிங்கமும்தான் துணை. அதை நினைத்ததும் கரடி உள்ளே போய் வயரைப் பிடுங்கியது. புதுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நரியின் கடைக்கு ஓடியது.

அங்கே ஏற்கெனவே சண்டை நடந்துகொண்டிருந்தது. பருந்து ஒன்று சிறகை விரித்து நரியை விரட்டியது. கரடியின் பழைய பெட்டியை நரி அதன் தலையில் கட்டியிருந்தது.

"இது ஒரு படமா? புள்ளி புள்ளியாத் தெரியுது! ஓணான் ஒரு இடத்துல நிக்குது, அப்புறம் இன்னொரு இடத்துல நிக்குது. நடுவுல எங்கே போச்சு? மேகத்துல இருந்தே எலியோட மீசையை எண்ணுற கண்ணு என்னுது! எனக்கா இதை விக்கிறே?"

"பருந்தம்மா! வித்த பொருளைத் திரும்ப வாங்குற வழக்கம் இல்லீங்க!" என்று நரி கல்லாப்பெட்டிக்குப் பின்னால் பதுங்கியது.

கரடி முன்னால் வந்தது. "பருந்தம்மா, இதை வெச்சுப் பாருங்க. அதை என்கிட்ட கொடுங்க."

பருந்து கடையிலிருந்த டிவியில் போட்டுப் பார்த்தது. அதன் கழுத்து நீண்டது. "அடேயப்பா! இலையிலே நரம்பு தெரியுது! நரம்புமேலே எறும்பு போகுது! அண்ணே, நிஜமாவே இதை எனக்குக் கொடுக்கிறீங்களா?"

"எடுத்துக்குங்க. நான் பார்க்காத எறும்பு எனக்கு எதுக்கு?"

"மாத்திக் கொடுக்கிறதுக்குத் தனியாக் கூலி உண்டு!" என்று எட்டிப் பார்த்தது நரி. கரடி ஒருமுறை உறுமியது. நரி மறுபடியும் பதுங்கிக்கொண்டது.

சடையன் பழைய பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு ஓடையில் இறங்கியது. தண்ணீர் மார்பு வரை வந்து இழுத்தது. நகங்களைப் பாறையில் ஊன்றி ஊன்றி அக்கரை சேர்ந்தது. வளைக்குள் தலையையும் இரண்டு கைகளையும் நுழைத்தது. அதற்கு மேல் உடம்பு போகவில்லை.

"எதுக்கு வந்தே? கைதட்ட ஆள் இல்லையா?" என்றது ஊசிமுத்து.

"அந்தப் பெட்டியைப் பருந்துகிட்ட கொடுத்துட்டேன். பழசைக் கொண்டாந்திருக்கேன்."

முள்ளம்பன்றி முகத்தைத் திருப்பிக்கொண்டது. திரும்பாமலே கேட்டது: "ரெண்டு கண்ட்ரோலரும் இருக்கா?"

"இருக்கு. ஓரத்தைக் கடிச்சு வெச்சிருக்கியே, அது உன்னுது."

ஊசிமுத்தின் முட்கள் ஒவ்வொன்றாகப் படிந்தன. வளையில் ஒரு சின்ன டிவி இருந்தது. அதில் பெட்டியை மாட்டியது. ஓணான்கள் மரமேறத் தொடங்கின.

"சடையா, வெளியே மழையா?"

"ஆமா. பாதி உடம்பு நனையுது."

"எந்தப் பாதி?"

"பெரிய பாதி."

ஊசிமுத்து ஆட்டத்தை நிறுத்திவிட்டு மண்ணைப் பறிக்க ஆரம்பித்தது. கரடியும் வெளியிலிருந்து தோண்டியது. இருட்டுவதற்குள் வளை குகை அளவுக்கு ஆகிவிட்டது. அதற்குள் ஓடை இரண்டு கரையும் தொட்டு ஓடியது. இனித் தை வரைக்கும் திரும்ப முடியாது. சடையன் அதைப் பார்த்துவிட்டு, நிம்மதியாக உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது.

கேம் பெட்டி வாங்கப் போகிறவர்கள், அதன் எண்கள் எவ்வளவு பெரியவை என்று கேட்பதற்கு முன்னால், அந்த எண்கள் நம் கண்ணுக்கும் கைக்கும் ஆகுமா, அதில் யாரோடு எந்த ஆட்டம் ஆடப்போகிறோம் என்று தங்களையே கேட்டுக்கொள்ள வேண்டும்.