ஆமையின் முதல் சவாரி

ஒரு கண்மாயில் தொப்பளான் என்ற ஆமை இருந்தான். நல்ல மனசுக்காரன், ஆனால் மகா பயந்தாங்கொள்ளி. பக்கத்தில் இலை விழுந்தாலே தலையும் காலும் ஓட்டுக்குள் போய்விடும்!

ஐப்பசி மழையில் கண்மாய் பெருகியது. நடுவிலிருந்த மண்மேட்டில் வயல் எலி சில்லாயி நான்கு குட்டிகளுடன் மாட்டிக்கொண்டாள். அவளுக்கு நீந்தத் தெரியும். குட்டிகளுக்குத் தெரியாதே! பொழுது சாய்வதற்குள் மேடு மூழ்கிவிடும். அந்தப் பக்கம் நீந்தி வந்த தொப்பளானைக் கூப்பிட்டாள்.

"ஆமையண்ணே, எங்களைக் கரை சேர்த்துடு!"

"எனக்குச் சுமந்து பழக்கமில்லையே, தங்கச்சி!"

"பழகிக்கலாம். முதல்ல என்னை மட்டும் ஏத்திப் பாரு."

பாதித் தூரம் நன்றாகத்தான் போனார்கள். திடீரென்று ஒரு மீன்கொத்தி பக்கத்தில் தொபுக்கென்று பாய்ந்தது. அவ்வளவுதான்! தொப்பளான் ஓட்டுக்குள் சுருண்டான். சில்லாயி தண்ணீரில் விழுந்தாள்.

கரையிலிருந்த கொக்கு விழுந்து விழுந்து சிரித்தது. "கடை திறந்த அன்னிக்கே பூட்டா? நல்லாயிருக்குடா உன் ஓடம்!"

தொப்பளானுக்கு அழுகையே வந்துவிட்டது. "என்னை விட்டுடு, தங்கச்சி. உன் பிள்ளைங்க உயிரோட விளையாட என்னால முடியாது!"

சில்லாயி நீந்தி அவன் பக்கத்தில் வந்தாள். நனைந்த மீசையை உதறிக்கொண்டு கேட்டாள்: "மீன்கொத்தி வர்றது முன்னாடியே தெரிஞ்சிருந்தா பயந்திருப்பியா?"

தொப்பளான் யோசித்தான். "மாட்டேன். திடீர்னு வந்தாத்தான் தூக்கிவாரிப் போடுது."

"அப்ப நீ தண்ணியைப் பாரு. மத்ததை நான் பாத்துச் சொல்றேன்!"

அவன் கழுத்தோரம் ஏறி உட்கார்ந்தாள். இருவரும் மேட்டுக்குத் திரும்பினார்கள். "வலப்பக்கம் தென்னை மட்டை மிதந்து வருது. இடிக்கும்ணே!" மட்டை இடித்தது. தொப்பளானின் தலை பாதி உள்ளே போனது. மெல்ல வெளியே வந்தது.

மேட்டில் ஒரு சாண் இடம்தான் மிச்சம். நான்கு குட்டிகளும் அவசரமாக ஏறிக்கொண்டன.

நடுக்கண்மாயில் சில்லாயி கத்தினாள். "மீன்கொத்தி பாயப் போறான்ணே!"

தொபுக்!

தொப்பளான் நடுங்கினான். ஆனால் கால்கள் நிற்கவில்லை. துடுப்புப் போட்டுக்கொண்டே கரையேறினான்.

கொக்கு வேறு பக்கம் திரும்பிக்கொண்டது. சின்னக் குட்டி கேட்டது: "மாமா, இன்னொரு தடவை கூட்டிட்டுப் போறியா?"

புதிய வேலையில் முதலில் வரும் தடுமாற்றம், எதைச் சரிசெய்ய வேண்டும் என்று காட்டத்தான் வருகிறது. வேலையையே கைவிடுவதற்கு அல்ல.