விசிறி நின்ற பிறகு

“ஓடறப்ப சூடே ஆகறதில்லைங்க அம்மிணி. நிறுத்துனாத்தான் செத்துப்போவுது. மறுக்கா கிளம்பவே மாட்டேங்குது,” என்றார் சென்னியப்பன்.

கோகிலவாணி கையைத் துடைத்துக்கொண்டாள். அவர் மேசைமேல் வைத்த காரைப் பார்த்தாள்.

ஒரு கை நீளம் இருந்தது. ரிமோட்டில் ஓடும் பெட்ரோல் கார். நடுவில் தேங்காய் அளவு என்ஜின்.

கோவைக்கு வெளியே, இந்தக் கார்கள் பந்தயம் ஓடும் மண் தடத்தை ஒட்டி அவளுடைய கொட்டகை. சின்ன என்ஜின் வைத்திருக்கிறவர்கள், அதற்கு நோய் வந்தால் அங்கேதான் வருவார்கள். சென்னியப்பன் அவளைவிட வயதில் மூத்தவர். ஆனாலும் அவளிடம்தான் கற்றுக்கொண்டிருந்தார்.

“என்னென்ன பண்ணுனீங்க?”

“பெரிய ஃபேன் மாட்டுனேன். என்ஜின் ஹெட்டுக்கு, சூடு எறங்க அகலமாத் தகடு போட்டேன். காத்து வந்து போக மேல்கூட்டை முன்னயும் பின்னயும் வெட்டியுட்டேன். இனி நான் பண்றதுக்கு என்ன இருக்குது?”

“ஒண்ணுமில்லீங். தண்ணி குடிங்க.”

சொம்பை நகர்த்தி வைத்தாள். அவர் குடித்தார்.

“ஸ்டார்ட்டர் கயிறை உங்க தம்பிதானுங்களே இழுப்பாரு?”

சென்னியப்பன் காரைக் கொஞ்சம் திருப்பி வைத்தார்.

“மாட்டுப் பொங்கலோட அது முடிஞ்சுது. பந்தயத்தன்னிக்கு என்னைக் கேக்காம கார்புரேட்டர் திருகைத் திருப்பிப்போட்டான். பிஸ்டன் உள்ளயே இறுகிப்போச்சு. எனக்கு வந்த கோவத்துக்கு...”

“அடிச்சுப்போட்டீங்களா?”

“ஒரு வார்த்தை சொல்லலை. பேச்சை அங்கயே நிறுத்துனேன். இன்னி வரைக்கும் இல்லை. ஒரே சுவத்துக்கு அந்தப் பக்கந்தான் இருக்கறான். சண்டை போட்டாத்தானே சூடு? நான் நிம்மதியா இருக்கறேன்.”

“அவரு?”

“நாளைக்கு லாரி வருதாம். சாமானை ஏத்திக்கிட்டு மகன்கூட இருக்க ஓசூருக்கே போறானாம். ஊரு சொல்லித்தான் எனக்கே தெரியும். போவட்டும்.”

அவள் மிச்சத் தண்ணீரோடு சொம்பை எடுத்துக்கொண்டாள்.

“போவட்டும்,” என்றார் மறுபடி.

“வண்டியை எறக்குங்க,” என்றாள்.

கயிற்றை இழுத்தார். என்ஜின் பிடித்தது. செம்மண் தடத்தில் கார் பாய்ந்தது. வளைவில் புழுதியைக் கிளப்பியது, மேட்டில் தாவியது, எங்கும் திணறவில்லை. திரும்பி வந்து அவர்கள் காலடியில் நின்றது.

புழுதி அடங்குவதற்குள் அவர் குனிந்து, என்ஜினை அணைக்கும் பொத்தானை அழுத்தினார். சத்தம் வெட்டியதுபோல நின்றது.

கோகிலவாணி சொம்பில் விரலை நனைத்து ஹெட்டின் மேல் ஒரு சொட்டு விட்டாள்.

சொட்டு அங்கேயே இருந்தது. ஓரத்தில் நுரைத்தது. மெல்லச் சுருங்கியது. காய்ந்தது.

“பாத்தீங்களா? சூடில்லை. நம்ம ஃபேன் அப்படி.”

“உக்காருங்க.”

மரநிழலில் உட்கார்ந்தார்கள். அவள் நிலக்கடலை உரித்தாள். அவருக்கும் ஒரு கை கொடுத்தாள்.

“என்னத்தைப் பாத்துட்டு உக்காந்திருக்கறோம்?”

“என்ஜினைத்தான்.”

“அதுதான் நின்னுபோச்சே.”

“ஆமாங்க.”

கடலை தீர்ந்தது. அவள் எழுந்துபோய் அதே இடத்தில் இன்னொரு சொட்டு விட்டாள்.

சீறிக்கொண்டு போய்விட்டது. ஈரம்கூட இல்லை.

சென்னியப்பன் மண்டியிட்டுக் குனிந்தார். கார்புரேட்டருக்குப் போய்ச் சேர வேண்டிய பெட்ரோல் கண்ணாடிபோன்ற குழாயிலேயே குமிழ் குமிழாகக் கொதித்துக்கொண்டிருந்தது.

“நின்ன என்ஜினுக்கு யாரு தீ வெச்சது?”

“யாரும் வெக்கலை.”

“அப்புறம் இத்தனை சூடு எங்கிருந்து வந்துது?”

“உள்ள இருந்ததுதானுங்கண்ணா.”

அவர் விசிறியைப் பார்த்தார். தன் கையால் மாட்டிய பெரிய விசிறி. என்ஜின் தண்டிலேயே முறுக்கியிருந்தார். அது சுற்றினால் இதுவும் சுற்றும்.

இப்போது அசையாமல் நின்றது.

“அது ஓடறப்ப இதும் ஓடுச்சு,” என்றார், யாரிடமோ சொல்வதுபோல.

அவள் மடியிலிருந்த கடலைத் தோலைத் தட்டிவிட்டாள்.

என்ஜின் நன்றாக ஆறியதும் மறுபடி ஓட்டச் சொன்னாள். கார் பாய்ந்தது, சுற்றியது, வந்து நின்றது. அவர் கட்டைவிரல் பொத்தானுக்குப் போயிற்று.

அவள் அந்த விரலைத் தடுத்தாள்.

“விடுங்க. மெதுவா ஓடட்டும்.”

கார் நின்ற இடத்திலேயே முணுமுணுத்தது. புழுதி அடங்கியது. முணுமுணுப்பு அடங்கவில்லை.

“இப்படி ஓடி என்னங்க பிரயோசனம்? எங்கயும் போகலையே?”

“ஃபேன் ஓடுதுங்களே.”

வெகுநேரம் கழித்து, அவளே அணைத்தாள். கொஞ்சம் பொறுத்துக் கயிற்றை அவர் கையில் கொடுத்தாள். ஒரே இழுப்பில் பிடித்தது.

சென்னியப்பன் சிரிக்கவில்லை. கயிற்றின் பிடியை விடாமல் நின்றார்.

“அம்மிணி... நின்னு ரொம்ப நாள் ஆயிருந்தா?”

“எனக்கு என்ஜின் மட்டுந்தானுங்கண்ணா தெரியும்,” என்றாள். “பொழுதோட ஊடு போய்ச் சேருங்க.”

அவர் வீட்டுக்கு வந்தபோது, சுவருக்கு அந்தப் பக்கம் பெட்டிகள் இழுபட்டுக்கொண்டிருந்தன.

கொல்லைப்புறம் போய்ச் சுவரோரம் நின்றார். சொல்ல நிறைய இருந்தது. திருகு இருந்தது, பிஸ்டன் இருந்தது, அந்தப் பொங்கல் நாள் முழுதாக இருந்தது.

“மயிலு.”

அந்தப் பக்கம் சத்தம் நின்றது.

“லாரி எத்தனை மணிக்கு?”

அவர் அங்கேயே நின்றார். வாழைமரத்தில் எதுவோ சலசலத்து ஓய்ந்தது.

“ஏழுன்னான்,” என்றது குரல். பிறகு, “எட்டாயிரும்.”

“டீத்தூளை மூட்டையில கட்டிராதே. காத்தால வேணும்.”

“ம்.”

“நாய்க்குட்டி?”

“அதும் வருது.”

இன்னும் என்ன கேட்பது என்று அவருக்குத் தெரியவில்லை. சுவரில் கையை வைத்தார். வெயில் போன பிறகும் செங்கல் சுட்டது.

“கட்டறதுக்குக் கயிறு பத்துமாடா?”

அந்தப் பக்கம் ஒரு மூட்டை கீழே வைக்கப்படுவது கேட்டது.

“பத்தாதுங்கண்ணா.”