பின்சக்கரத்துக்கு எவ்வளவு காற்று

முன்னொரு காலம் என்று சொன்னால் பொய்யாகிவிடும், போன வருஷம்தான். ஒரு ஊர் இருந்தது. ஊருக்கு ஒரு கல்ரோடு இருந்தது. ரோட்டின் இந்தக் கோடியில் வீடுகள், அந்தக் கோடியில் பள்ளிக்கூடம், நடுவில் ஒரு சைக்கிள் கடை.

கடை ஜன்னத்துடையது. அவளுக்கு முப்பத்தோரு வயது. அவளிடம் வேலை படிக்க ஒரு சீடர் வந்து சேர்ந்தார். அவருக்கு அறுபது முடிந்து ஒரு வாரம்.

பெயர் மாசிலாமணி. முப்பத்தாறு வருஷம் தபால்காரராகச் சைக்கிள் மிதித்து ஓய்வு பெற்றவர்.

"எனக்கு மிதிக்கத்தான் தெரியும். கழத்தி மாட்டத் தெரியாது. சொல்லிக்கொடும்மா" என்று வந்து நின்றார். அன்றைக்கே அவளை "ஆசானே" என்று கூப்பிட்டார். கேலி என்று ஜன்னத் நினைத்தாள். மறுநாளும் அப்படியே கூப்பிட்டார். அதற்கு மறுநாளும். பிறகு ஊரும் அவளை ஆசான் என்றே சொல்ல ஆரம்பித்துவிட்டது.

எதிர்த்த டீக்கடை ராசையாவுக்குத்தான் இது பெரிய கொண்டாட்டம்.

"என்னவே மாசிலாமணி, குருகுலத்துல இன்னைக்கு என்ன பாடம்?"

"பஞ்சர்."

"தேறிட்டீரா?"

"போன பரீட்சையில ஒரு ஓட்டைக்கு ஒட்டினேன். அங்க ரெண்டு ஓட்டை இருந்திருக்கு."

ஒருநாள் காலையில் மாசிலாமணி வந்ததிலிருந்து தன் சொந்தச் சைக்கிளையே நோண்டிக்கொண்டிருந்தார். பின்சக்கரத்தில் காற்று அடிப்பார். கட்டைவிரலால் அமுக்கிப் பார்ப்பார். திறந்துவிடுவார். மறுபடி அடிப்பார்.

ஆசான் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"மாமா, அந்த டயர் உங்களுக்கு என்ன பாவம் செஞ்சது?"

"ஆசானே, ஒரு கேள்வி. பின்சக்கரத்துக்கு எவ்வளவு காத்து வைக்கணும்?"

"யாருக்கு?"

"சைக்கிளுக்குத்தான்."

ஆசான் கையிலிருந்த செயினுக்கு எண்ணெய் விட்டாள். எண்ணெய் முடிகிறவரை காத்திருக்க மாசிலாமணியால் ஆகவில்லை. விஷயத்தைச் சொல்லிவிட்டார்.

அவர் மனைவி செல்லக்கனி பள்ளிக்கூடத்தில் சத்துணவுச் சமையல் வேலை பார்க்கிறாள். போக இரண்டரை கிலோமீட்டர், வர இரண்டரை. இருபது வருஷமாக நடைதான். தபால் பை கட்டுகிற கேரியரில் ஆளை ஏற்றக்கூடாது என்று மாசிலாமணி ஒரு சட்டம் வைத்திருந்தார். அவராகப் போட்ட சட்டம்.

"ஓய்வு கிடைச்ச மறுநாள் கேரியரைத் துடைச்சு வச்சு, 'ஏறு செல்லக்கனி, இனிமே நீதான் எனக்குத் தபால்'ன்னு சொன்னேன். சிரிச்சுக்கிட்டே ஏறினா. மூணு நாள் வந்தா. நாலாம் நாள், நான் நடந்தே வாரேன்னுட்டா."

"ஏனாம்?"

"நடந்தா உடம்புக்கு நல்லதாம்."

"நீங்க என்ன செய்தீங்க?"

"என்ன செய்ய? சைக்கிளை உருட்டிக்கிட்டு அவகூடவே போறேன். மூணு வாரமாச்சு. ராசையா சிரிக்கான். சைக்கிளை வாக்கிங் கூட்டிட்டுப் போறீராங்கான்."

ஆசானுக்கும் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

"நெனப்பு பூரா அதுலதான் ஆசானே. முப்பத்திரண்டு வருஷத்துல அவளுக்குன்னு நானா செய்யணும்னு நெனச்சது இது ஒண்ணுதான். அதையும் வேண்டாம்னுட்டா."

சொல்லிவிட்டு டயரை ஒருமுறை அமுக்கினார்.

"குலுக்கம்தான் காரணம். எனக்குக் கை வழக்கம், காத்தைக் கல்லு மாதிரி அடிச்சிருவேன். தபால் பை ஒருநாளும் குலுங்குதுன்னு சொன்னதில்ல பாருங்க. ராசையாகிட்ட கேட்டேன், முக்கால் காத்துங்கான். பால்காரர்ட்ட கேட்டேன், முழுக் காத்துங்காரு. நீங்க ஒரு அளவு சொல்லுங்க. எத்தனை பம்பு அடிக்கணும்? அதைச் செய்தா அவ ஏறிருவா."

ஆசான் கையைத் துணியில் துடைத்தாள்.

"ஏறுங்க மாமா."

"எதுல?"

"கேரியர்ல."

"நானா? நீங்க மிதிச்சா?"

"ஏன், நான் மிதிச்சா உருளாதா?"

மாசிலாமணி தயங்கித் தயங்கி ஏறினார். காலை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கையை எங்கே பிடிப்பது என்றும் தெரியவில்லை. சீட்டுக்கு அடியில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். சைக்கிள் கிளம்பியது.

"ஏய், தபால் போகுது பாரு!" என்று ராசையா கத்தினான். "ஸ்டாம்பு ஒட்டினீங்களா ஆசானே?"

ரோட்டில் இருந்த பாலம் வரை போய்த் திரும்பினார்கள்.

முப்பத்தாறு வருஷம் அந்த ரோட்டில் போனவர் மாசிலாமணி. ஒவ்வொரு பள்ளமும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற அளவுக்கு அவருக்குப் பழக்கம். ஆனால் அன்றைக்கு ஒரு பள்ளத்தையும் அவரால் பார்க்க முடியவில்லை. ஆசானின் காக்கிச் சட்டைதான் தெரிந்தது. பள்ளம் வருகிற நேரம் ஆசான் சீட்டிலிருந்து லேசாக எழுந்துகொள்வாள். கேரியரில் இருந்தவருக்குப் பள்ளம் வந்த பிறகுதான் தெரியும்.

"மெதுவா" என்றார் ஒருமுறை.

"என்ன மாமா?"

"ஒண்ணுமில்ல."

கடை வாசலில் இறங்கினார்கள்.

"எப்படி இருந்தது?" என்று கேட்டாள் ஆசான்.

"நல்லாத்தான் இருந்தது."

"அப்ப இந்தக் காத்தே இருக்கட்டும்."

சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டாள். வேறு வேலையை எடுக்கவில்லை. கடைக்குள்ளும் போகவில்லை. அங்கேயே நின்றாள். மாசிலாமணியும் நின்றார். ராசையா டீ ஆற்றுகிற சத்தம் கேட்டது.

கொஞ்ச நேரம் கழித்து மாசிலாமணி இடுப்பில் கை வைத்தார்.

"ஆசானே, முதுகெலும்பு எண்ணிக்கை குறைஞ்சிருக்கும்னு நெனைக்கேன்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். ஆசான் வால்வைக் கொஞ்சம் தளர்த்தினாள். காற்று சீறியது.

"இப்ப ஏறுங்க."

பாலம் வரை போய் வந்தார்கள். "இன்னும் கொஞ்சம் குறைக்கலாம்" என்றார் மாசிலாமணி. குறைத்தாள். மறுபடி போய் வந்தார்கள். இந்தத் தடவை வீலின் இரும்பு கல்லில் இடித்தது. "குறைச்சது கூடிப்போச்சு. டியூப் செத்துரும்" என்று அவரே சொன்னார். ஆசான் நாலு பம்பு அடித்தாள். போய் வந்தார்கள்.

"இதுதான் ஆசானே. இதுதான்!"

மாசிலாமணி குனிந்து டயரை அமுக்கி அமுக்கிப் பார்த்து விரலுக்கு அந்த அளவைப் பழக்கினார். முகம் மலர்ந்துவிட்டது.

"நாளைக்குச் செல்லக்கனிக்கு இதே அளவு வச்சிருதேன்."

"இது உங்க அளவு மாமா. மாமி அளவு எனக்கு எப்படித் தெரியும்?"

"அவ வாயைத் திறக்க மாட்டாளே. கேட்டா நல்லாத்தான் இருந்ததும்பா."

"நீங்களும் அதைத்தான் சொன்னீங்க."

"அப்புறம் உண்மையைச் சொன்னேன்ல?"

"சொன்னீங்க. அதுவரைக்கும் நான் எங்கயும் போகல."

ஆசான் கடையிலிருந்த கைப்பம்பை எடுத்து அவரிடம் கொடுத்தாள்.

மறுநாள் காலை. செல்லக்கனி கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு ரோட்டில் நடந்தாள். மாசிலாமணி பக்கத்தில் சைக்கிளை உருட்டினார். சைக்கிள் கடைக்குக் கொஞ்சம் முன்னால் நின்றுவிட்டார்.

"செல்லக்கனி, ஒண்ணு கேக்கேன். கேரியர்ல வந்தது எப்படி இருந்தது?"

"நல்லாத்தான் இருந்தது. நடங்க, உலை வைக்கணும்."

அவர் நடக்கவில்லை.

"நேரமாகுங்க."

அவர் அங்கேயே நின்றார். செல்லக்கனி பத்தடி போய்விட்டுத் திரும்பி வந்தாள்.

"முதுகு வலிச்சுது" என்றாள். "போதுமா?"

மாசிலாமணியின் கை வால்வுக்குப் போனது. பிறகு என்ன நினைத்தாரோ, கையை எடுத்துக்கொண்டார். மறுபடியும் நின்றார்.

செல்லக்கனி கூடையை இறக்கிக் கேரியரில் வைத்தாள்.

"வலி கெடக்கட்டும். அதுக்காக எறங்கல. மூணு நாளும் உங்க சட்டையையே பாத்துக்கிட்டு வந்தேன். ஏதாவது சொன்னா 'என்ன, என்ன'ம்பீக. நான் ஒண்ணுமில்லம்பேன். அத்தோட பேச்சு முடிஞ்சுரும். நடந்தா பேசிக்கிட்டே போகலாம்னு தோணுச்சு. இந்த மூணு வாரமா எவ்வளவு பேசியிருக்கேன், ஒங்களுக்குத் தெரியலையா?"

மாசிலாமணிக்குத் தெரிந்திருந்தது. மூன்று வாரமும் அவர் கேட்டுக்கொண்டுதான் வந்திருந்தார். ஏறாமல் வருகிறாளே என்ற வருத்தத்தில் அதை அவர் கணக்கில் சேர்க்கவில்லை.

"அப்ப சைக்கிள் வேண்டாமா?" என்றார்.

"யாரு வேண்டாம்னா? சாயங்காலம் பாத்திரம் எல்லாம் கழுவி முடிச்சா முட்டி நிக்காது. அப்ப வந்து ஏத்திக்கிட்டு வாங்க. காத்தை மட்டும் கொஞ்சம் எறக்கிருங்க."

"இதைக் கேக்காம இத்தனை நாளு இருந்துட்டேனே."

"நீங்க நடந்தீங்க, நான் பேசினேன். நானா சொன்னா அது கெட்டுப்போயிரும்னு இருந்தேன்."

இரண்டு பேரும் நடந்தார்கள். சைக்கிள் கடை வந்தது. ஆசான் வாசல் தெளித்துக்கொண்டிருந்தாள். மாசிலாமணிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"ஆசானே, அளவு தெரிஞ்சுபோச்சு!"

"எவ்வளவு மாமா?"

"போகும்போது உருட்டணும். வரும்போது மெத்துன்னு இருக்கணும். அவ்வளவுதான். இனிமே என்னைக்கும் இதுதான்."

ஆசான் குனிந்து பின்சக்கரத்தை அமுக்கினாள். நேற்று வைத்த காற்று கொஞ்சம் இறங்கியிருந்தது.

"இன்னைக்குக் கேட்டது இன்னைக்குத்தான் மாமா. நாளைக்கு உள்ளதை நாளைக்குக் கேளுங்க."

செல்லக்கனி அதற்குள் முன்னால் போயிருந்தாள். கூடை சரியாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மாசிலாமணியும் எட்டி நடந்து போனார்.